நானா அடித்த வேகம்

எங்கள் வீட்டு முன்கதவு காற்றுக்கு அடித்துச் சாத்தாமல் இருக்க, அதற்கு அண்டையாக ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி கிடக்கிறது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் மேட்டு வீடு என்பதால் பின்னேரக் காற்று எங்களைச் சும்மா விடாது. பெட்டி ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவுதான் இருக்கும், தூக்கிப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு தடவையாவது அதில் காலை இடித்துக்கொண்டு என்னைத் திட்டியிருக்கிறார்கள். அது ஒரு ட்ரான்ஸ்போமர். நம்முடைய இருநூற்று முப்பது வோல்ட்டை நூற்றுப் பத்தாகக் குறைத்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்குமேல் அது வேறொன்றும் செய்யாது என்பது விளங்க எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் சென்றுவிட்டது. மின்சாரத்திலேயே உத்தியோகம் பார்த்து, அதிலேயே ஓய்வூதியமும் எடுக்கிற ஒருவன் இப்படி எழுதுவது வெட்கக்கேடுதான். ஆனாலும் எழுதாமல் இருந்தால் மனம் ஒரு பக்கம் நிற்காது போலிருக்கிறது.

அறுபதுகளில் கண்டியில் தெருவுக்கொரு பீட் குழு இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கிட்டாரும், நெற்றியில் விழுகிற தலைமயிரும், வீட்டுக்குத் தெரியாமல் தைத்த ஒடுக்கமான காற்சட்டையும் இருந்தால் குழு தயார். எங்கள் குழுவில் நால்வர். ஒத்திகைக்கு வரும்போது நாலு பேர் கையிலும் குடை இருக்கும் என்பதால் குழுவுக்கு ஆங்கிலத்தில் ‘நான்கு குடைகள்’ என்று பெயர் வைத்தோம். கிட்டார் வாசித்தவர் என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா. வீடும் எங்கள் ஒழுங்கையிலேதான், குழுவும் அவருடையதுதான். பாடியவர் வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த இளைஞர். தோட்டத்தில் அவரை ‘கிளாக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு நாள் பஸ் கூரையில் வெறும் தேயிலைப் பெட்டியொன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். அதைக் கவிழ்த்து, நடுவில் துளைபோட்டு, கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுநுனியைக் கூட்டுகிற தும்புத்தடியின் கம்பில் இழுத்துக் கட்டினால் ‘டும் டும்’ என்று கனத்த சத்தம் வரும். அதுதான் என் வாத்தியம். பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் கறுப்பு மையில் அச்சடித்தபடியே இருந்தன. கிட்டார்மேல் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் கேட்கப் பயம்.

நான்காவது ஆள் நானா. முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரனை அப்படித்தான் அழைப்பார்கள். அலவத்துகொடக்காரர், என்னைவிட மூன்று வயது கூட. டவுனில் அவருடைய மாமாவின் துணிக்கடையில் நின்றார். சீத்தைத் துணியை இழுத்து ‘யார்’ கோலில், அந்த மூன்றடிக் கோலில், அளந்துகொண்டிருக்கும்போதே, ஆள் அடுத்த முழத்தைக் கேட்கும் இடைவெளியில், அந்தக் கோலால் மேசை விளிம்பில் ஒரு தாளம் தட்டிவிடுவார். துணி வாங்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டு இரண்டு முழம் கூட வாங்குவார்களாம், அதனால் மாமாவும் கண்டுகொள்ளவில்லை. பழைய பாண்ட் குழுவொன்று கழித்துவிட்ட ஒரு சின்ன டிரம், இரண்டு பிஸ்கட் தகரம், ஓரம் நசுங்கிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று, இவ்வளவும் சேர்ந்ததுதான் அவருடைய டிரம் செட். தாம்பாளத்தைக் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். அந்தக் கையில் இருந்த சுறுசுறுப்பை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

எங்களுக்குப் பாட்டுப் படிப்பித்தது ஒரு மெசின். அண்ணாவின் அப்பா, என் பெரியப்பா, அரசாங்கப் பயிற்சிக்காக ஒரு வருடம் அமெரிக்கா போய் வந்தபோது ஒரு ரெக்கோர்ட் பிளேயரும், அதற்கென்று இந்த ட்ரான்ஸ்போமரும், ஐந்தாறு இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். அந்தத் தட்டுகளில் இருந்த பாட்டுகள் நம்முடைய ரேடியோவில் போகாதவை. கண்டியில் வேறு எந்தக் குழுவிடமும் அவை இல்லை என்பதுதான் எங்களுக்குப் பெருமை. அண்ணா முள்ளைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு வரியாக வைப்பார். கிளாக்கர் சொற்களை எழுதுவார், அண்ணா கிட்டாரை அந்தச் சுருதிக்கு முறுக்குவார், நான் கயிற்றை இறுக்குவேன். பாடுகிறவரின் குரல் கனத்து, அடித்தொண்டையிலிருந்து வரும். ஐம்பது வயதுக்குக் குறையாத, நல்ல உடம்புள்ள ஒரு மனிதர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கிளாக்கருக்கு அந்த அளவுக்குக் குரலை இறக்குவது பெரும்பாடு. கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுகிற மாதிரி இருக்குதுங்க என்பார்.

அதில் ஒரு பாட்டுத்தான் எங்கள் முத்திரைப் பாட்டு. அதற்குத்தான் நானா ஒவ்வொரு ஞாயிறும் சண்டை பிடித்தார். சண்டை என்றால் சத்தமில்லாத சண்டை. பாட்டு தொடங்கி பத்தாவது அடியில் அவருடைய கை எங்களைவிட முன்னால் போய்விடும். அண்ணா நிறுத்துவார். மறுபடியும் மெசினில் போட்டுக் காட்டுவார். நானா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஓம், மெசினில் அப்படித்தான் வருகிறது என்று ஒத்துக்கொள்வார். அடுத்த தடவை மறுபடியும் முன்னால் போவார். ஒரு நாள்தான் வாயைத் திறந்து சொன்னார்.

“இது ஓடுற பாட்டு மச்சான். நீங்க அதக் கையப் புடிச்சி நடத்திக்கிட்டுப் போறீங்க.”

அண்ணாவுக்குக் கோபம் வந்தால் சிரிப்பார். அன்றைக்கும் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் அப்போது தொழில்நுட்பப் பாடசாலையில் மின்சாரம் படித்துக்கொண்டிருந்தேன், முதலாம் வருடம். கையில் சோதனை மீற்றர் ஒன்று இருந்தது, தலையில் அதைவிடக் கனமான ஒரு நினைப்பு இருந்தது. மெசினில் பிழை இருக்குமோ என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் இந்த ட்ரான்ஸ்போமரின் வாயில் இரண்டு கம்பியையும் வைத்து அளந்தேன். நூற்றுப் பத்து, ஒரு புள்ளி கூடக் குறையவில்லை. மெசினில் ஒரு பிழையும் இல்லை என்று வைத்தியர் மருந்துச்சீட்டு எழுதுகிற தோரணையில் சொன்னேன். நானா என் முகத்தைப் பார்த்தார். படித்த பிள்ளை சொல்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவர் எங்கள் வேகத்துக்கே அடித்தார். அடித்தது சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடிவாளம் போட்ட மாதிரி ஒரு இறுக்கம் அந்தக் கையில் தெரிந்தது.

பிறகு கச்சேரி வந்தது, கண்டி வாவிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம், எங்களையும் சேர்த்து ஆறு குழுக்கள். நாங்கள் மூன்றாவது. நானா பிஸ்கட் தகர விளிம்பில் நான்கு தட்டுத் தட்டிப் பாட்டைத் தொடங்கிவைப்பது வழக்கம். அன்றைக்கு அந்த நான்கு தட்டு விழுந்ததுமே நான் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அது அவருடைய வேகம். சனத்தைக் கண்ட உற்சாகத்தில் கை தன்பாட்டில் போய்விட்டதா, அல்லது தெரிந்தே செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிளாக்கர் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அண்ணாவின் விரல்கள் தடுக்கின. நான் தும்புத்தடியை இழுக்கும் முன் அடுத்த அடி போய்விடும். மண்டபத்தில் இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள், பின்வரிசையில் சிலர் எழும்பியும் நின்றார்கள். அவர்கள் தட்டியது நையாண்டிக்கா சந்தோசத்துக்கா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டாவது சரணத்தில் அண்ணா வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றார். பாட்டு துண்டு துண்டாக உடைந்து முடிந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் தூறலில் நின்றோம். நாலு பேரிடமும் குடை இருந்தது, ஒருவரும் விரிக்கவில்லை. எந்த வேகம் சரி என்று அண்ணா ஒவ்வொருவராகக் கேட்டார். கிளாக்கர், நானா சொல்வதிலும் ஏதோ இருக்கிற மாதிரித்தாங்க தெரியுது என்று இழுத்தார், அதற்குமேல் போகவில்லை. அவருக்கு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிறகு என் முறை. அந்த வாரம்தான் அண்ணா, அடுத்த கச்சேரிக்கு எனக்கும் ஒரு கிட்டார் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் சொன்னேனா, மீற்றரை நம்பித்தான் சொன்னேனா என்று பிரித்துப் பார்க்க இப்போது முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

“மெசினிலை கேட்டதுதான் சரி, நானா,” என்றேன்.

நானா இரண்டு குச்சிகளையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடையை விரித்து, வாவிக்கரையால் நடந்து போனார். எனக்குக் கிட்டார் கிடைத்தது. வேறொருவரை வைத்து இரண்டு இடத்தில் வாசித்தோம், ஒருவருக்கும் நினைவில் நிற்காத மாதிரி வாசித்தோம். அடுத்த வருடம் கிளாக்கர் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகக் கடிதம் வந்து, அவர்கள் கப்பலேறினார்கள். நான்கு குடைகளும் அத்தோடு மடங்கின. அண்ணா பிற்காலத்தில் கனடாவுக்குப் போகும்போது பிளேயரைக் கொண்டுபோனார். அங்கே இந்தப் பெட்டி தேவைப்படாது, நீ கரண்டுக்காரன், வைத்திரு என்று இதையும், முத்திரைப் பாட்டு இருந்த அந்த ஒரு இசைத்தட்டையும் என்னிடம் தந்தார். அவர் அங்கேயே காலமாகிவிட்டார்.

நானாவை நான் காணாமல் இருந்தேன் என்று சொல்லமுடியாது. கண்டி அவ்வளவு பெரிய ஊரில்லை. என் கலியாணத்துக்கு வேட்டி சேலை எடுத்ததே அந்தக் கடையில்தான். சுகம் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார், ஒரு சாண் கூட விட்டு வெட்டுவார். டிரம் என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வந்ததேயில்லை. யார் கோல் மேசைமேல் கிடக்கும். அது சும்மாதான் கிடந்தது என்பதை நான் கவனித்தேன், கவனித்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

சென்ற வருடம் என் பேத்தி, மகளின் மகள், அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்த இசைத்தட்டை எடுத்தாள். பெயரைப் பார்த்து டெலிபோனில் தேடிப் பாட்டைப் போட்டாள். வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறாய், குறை என்றேன். இல்லை அம்மப்பா, இது உள்ளபடி போகுது என்றாள். நான் விடவில்லை. அவள் படத்தோடு போட்டுக் காட்டினாள். பாடியது ஐம்பது வயதுக்காரரல்ல, கழுத்து நீண்ட, மெலிந்த ஒரு பொடியன். குரல் மெல்லிசாகத் துள்ளிக்கொண்டு போனது. அவள் எனக்காக அதை மெதுவாக்கியும் பார்த்தாள். அப்போது எங்கள் பாட்டின் சாடை கொஞ்சம் வந்தது.  இத்தனை வருடம் நான் மனதுக்குள் பாடிவந்த பாட்டு உலகத்தில் இல்லவே இல்லை என்பது போலிருந்தது.

அன்று பின்னேரம் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இந்தப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில், அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒரு பெரிய மனிதர், தான் கொண்டுவந்த மின்சார மணிக்கூடு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது என்று எங்கள் கந்தோருக்கு முறைப்பாடு கொண்டுவந்தார். நான் அவரைக் கதிரையில் இருத்தி விளக்கினேன். ஐயா, அங்கே கரண்ட் ஒரு விநாடிக்கு அறுபது தடவை துடிக்கிறது, இங்கே ஐம்பது தடவைதான், ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், துடிப்பைக் கூட்டாது, ஆகவே உங்கள் மணிக்கூடு இங்கே மெதுவாகத்தான் ஓடும் என்றேன். அந்தக் கதையை வீட்டிலும் வெளியிலும் பகிடியாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவ்வளவு தடவை சொல்லியும், மணிக்கூட்டுக்கு நடந்ததுதான் பெரியப்பாவின் பிளேயருக்கும் நடந்தது, தட்டு மெதுவாகச் சுழன்றதால்தான் பொடியனின் குரல் ஐம்பது வயதாகக் கனத்தது என்று என் மண்டைக்கு ஏறவில்லை. வோல்ட்டை அளந்தேன். துடிப்பை அளக்கத் தோன்றவில்லை. நானாவின் கைக்கு அந்தத் துடிப்பு எப்படித் தெரிந்தது? அவரும் அந்த மெசினில்தானே கேட்டார்? அதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், பிறகு ஏன் என்று நினைத்தேன். எண்பதை எட்டப்போகிற மனிதரிடம் போய் அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு பாட்டைப் பற்றி என்ன பேசுவது? இப்படியே நாலைந்து மாதம் போயிற்று. கடைசியில் ஒரு புதன்கிழமை மாத்தளை பஸ் ஏறி அலவத்துகொடவில் இறங்கினேன். பேத்தி பாட்டைப் போடும் விதத்தை என் டெலிபோனில் மூன்று தடவை படிப்பித்து அனுப்பியிருந்தாள். நானா வீட்டு முற்றத்தில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். பால் விடாத பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் வந்தன. நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், அறுபதையும் ஐம்பதையும் விரலில் எண்ணிக் காட்டினேன். அன்றைக்கு நீங்கள் அடித்ததுதான் சரி, நான் சொன்னது பிழை, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அவர் கருப்பட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

“நீங்க செல்லிட்டீங்க எண்டு, கடை மேல்மாடியில தனிய இருந்து பழகினேன் தம்பி. ஒரு வருஷம் பழகினேன், உங்கட வேகத்துக்கு. சரியா வந்த பொறகு வந்து செல்லுவோம் எண்டு இருந்தேன். அதுக்குள்ள கிளாக்கர் போயிட்டார், கூட்டமும் கலஞ்சிட்டு. பொறகு நான் ஒண்டுலயும் தட்டல்ல.”

மகள்மாரின் கலியாணத்தில் ரபான் பறை அடித்தபோதுகூடத் தொடவில்லையாம். தாளம் நிற்காத கை என்று தெரிந்த பிறகு சபையில் நீட்டுவானேன் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேத்தி படிப்பித்தபடி பாட்டைப் போட்டு டெலிபோனை அவர் கையில் கொடுத்தேன். காதோடு சேர்த்துவைத்து, கண்ணை மூடி, முடியும்வரை கேட்டார். அவர் முகத்தில் ஏதாவது விடியும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது வேகம் கூட, தம்பி,” என்றார்.

இதுதான் பாட்டின் உண்மையான வேகம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கதிரைக் கையில் இரண்டு விரலை வைத்து மெதுவாகத் தட்டிக் காட்டினார். ஒரு மயிரிழை பிசகாமல் அது பெரியப்பாவின் மெசினின் வேகம். நான் சொல்லிக்கொடுத்த வேகம். ஒரு வருடம் மேல்மாடியில் இருந்து விரலுக்குள் இறக்கிய வேகம்.

“மெஷின்ல கேட்டதுதான் சரி,” என்றார்.

 அவருடையதைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் நான். அதை எடுத்துக்கொள்ள அங்கே ஆளில்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறாரா, அல்லது வயதுபோன காலத்தில் அழுதுகொண்டு வந்து நிற்கிறவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று என் சொல்லை எனக்கே தந்தாரா? முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமும் இல்லை, விளையாட்டும் இல்லை. வெற்றிலை போடுவீங்களா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். ஒரு பை நிறைய மிளகு தந்தார். கண்டி பஸ் வந்தது, என்னை ஏற்றிவிட்டு, இங்கே எல்லோரும் செய்வதுபோல, போகலாம் என்று பஸ்ஸின் பக்கத் தகரத்தில் தட்டினார். நான்கு தட்டு. நான் இருக்கையில் பாதி உட்கார்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அது கோயில் மண்டபத்தில் விழுந்த அதே நான்கு தட்டு, அதே வேகம். யன்னலால் எட்டிப் பார்த்தேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். பஸ்ஸைத் தட்டி அனுப்புகிற யாரும் வேகமாகத்தான் தட்டுவார்கள் என்று அக்குறணை வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அக்குறணை கழிந்த பிறகு அதையும் நம்பமுடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி, அவர் என்ன சொன்னவர் என்று கேட்டாள். மிளகு தந்தவர் என்றேன். அவள் பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். பின்னேரக் காற்று தொடங்கியிருந்தது, கதவு பெட்டியில் இடித்து இடித்து நின்றது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து, பெட்டியின் இரும்பு முதுகில் நான்கு தட்டுத் தட்டிப் பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தது. அவரை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை தட்டினேன். அதுவும் மெதுவாகத்தான் வந்தது.